பெட்டிச் சைக்கிளில் இங்கெலிசாவுக்கு இடம்

கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கற்பூரம் கொளுத்தி அணைத்தே சொல்லியிருப்பேன்; இந்த ஊர்க் கடைகளில் கற்பூரம் என்று கேட்டால் பூச்சி மருந்து இருக்கும் அலமாரியைக் காட்டுகிறார்கள். ஆகவே இங்குள்ளவர்கள் உயிருக்குச் சமமாக மதிக்கும் கறுப்பு ரொட்டியின் மேல் கை வைத்துச் சொல்கிறேன்: இதில் நான் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. வாத்து கத்திய இடத்தில் மட்டும் கொஞ்சம் அடக்கி வாசித்திருக்கிறேன். உள்ளது உள்ளபடி சொன்னால் நம்பமாட்டீர்கள்.

டென்மார்க்கின் சீலாந்துத் தீவில், கடலோரச் சிற்றூர் ஒன்றில், தோர்கில் இருந்தான். ஹெரிங் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவன். ஆள் ஓய்வு பெற்றானே தவிர கை ஓய்வு பெறவில்லை. வீட்டு வாசலில் செருப்புகளை ஒன்றின் தலைக்கு இன்னொன்றின் வால் என்று அடுக்கிவைப்பான். பேருந்தில் ஏறினால் நெருக்கியடித்து நிற்கிறவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னும் நாலு பேரைச் சேர்க்கலாம், கொஞ்சம் உப்புப் போட்டா" என்பான்.

கோடைக்காலத்தில் பக்கத்து ஊருக்கு வெளியே, புல்வெளியில், ஒரு வாரம் இசை விழா நடக்கும். இந்த நாட்டில் கோடை என்பது பெரும்பாலும் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து காப்பிக்கு முன் போய்விடும். இருந்தாலும் அதை நம்பி ஊரே போய்க் கூடாரம் அடிக்கும். தோர்கிலும் அவன் கூட்டாளிகள் பிரேபெனும் ஈவரும் தலையில் முடி இருந்த காலம் தொட்டுத் தவறாமல் போகிறவர்கள்.

தோர்கிலின் மனைவி இங்கெலிசா மட்டும் போவதில்லை. கல்யாணத்துக்கு முன்பு ஒரே ஒரு முறை போனாள். அந்த முறை அவளுடைய ரப்பர் பூட்ஸ் ஒன்றைச் சேறு விழுங்கிவிட்டது. பல வருஷம் கழித்து அது நியூசிலாந்தில் ஒருவருடைய உருளைக்கிழங்குத் தோட்டத்தில் அடிப்பாகம் மேலே தெரிய முளைத்ததாகக் கேள்வி. அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் வாசலில் நின்றுகொண்டு ஒரே வாக்கியம்தான் சொல்வாள்: "போய்ட்டு வா. வந்து சொல்லு."

தோர்கிலும் போய்விட்டு வந்து சொல்வான். ஆனால் பாட்டை எப்படிச் சொல்வது? மேடையில் நல்ல பாட்டு ஒன்று வரும்போதெல்லாம் அவன் தன்னை மறந்து இடது பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்பான். இடது பக்கத்தில் பிரேபென் நின்றுகொண்டிருப்பான். பிரேபெனுக்கு அந்தப் பக்கக் காது கேட்காது. இப்படியே காலம் போயிற்று.

இந்த வருஷம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ரொட்டித் துண்டின் மேல் வெங்காயத்தை அடுக்கிக்கொண்டே இங்கெலிசா சொன்னாள்: "நானும் வர்றேன்."

தோர்கிலுக்கு வாயிலிருந்த மீன் எதிர்த் திசையில் நீந்தியது.

"எங்கே?"

"நீ போற இடத்துக்குத்தான். வருஷா வருஷம் நீ வந்து பாடிக் காட்டுறியே, அது பாட்டா இல்ல உனக்கு வயித்து வலியான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. நேர்ல கேட்டுட்டுப் போறேன்."

"வா, செல்லம், வா!"

"பொறு. நான் நடக்கமாட்டேன். என் முழங்கால் இருக்கிற லட்சணம் உனக்கே தெரியும். உன் பெட்டிச் சைக்கிள்ல, முன்னால, மெத்தை போட்டு உட்காருவேன். மடியில ஒண்ணும் வைக்கக் கூடாது. காலுக்கடியில ஒண்ணும் வைக்கக் கூடாது. முதுகுல எதுவும் குத்தக் கூடாது. நான் ஒண்ணும் ஹெரிங் மீன் இல்ல."

"இல்லவே இல்ல."

"இடம் இல்லைன்னா சண்டை போடமாட்டேன். வாசல்ல நின்னு கையாட்டி அனுப்பி வெச்சுடுவேன். ஆனா அதுக்கப்புறம் எந்த வருஷமும் கேட்கவும்மாட்டேன். நீயும் கூப்பிடாதே."

சொல்லிவிட்டு ரொட்டியைக் கடித்தாள். இங்கெலிசா கோபமாகச் சொல்லும் சொல்லுக்கு ஆயுள் மாலைவரைதான். சாப்பிட்டுக்கொண்டே சொல்வதுதான் சாசனம்.

பெட்டிச் சைக்கிள் என்றால் பின்னால் ஒரு சக்கரம், முன்னால் இரண்டு, அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மரப்பெட்டி. தெருவுக்குத் தெரு இருக்கும். பிள்ளைகளையும் நாயையும் உருளைக்கிழங்கு மூட்டையையும், கண்ணைக் கட்டச் சம்மதித்தால் மாமியாரையும் அதில் ஏற்றிப் போவார்கள். ஒரு வாரத்துக்கு வேண்டியதை அந்தப் பெட்டியில் ஏற்றி, மெத்தையோடு ஒரு மனுஷிக்கும் இடம் விட வேண்டும். தோர்கில் கையைத் தேய்த்துக்கொண்டான். இதற்காகத்தான் பிறவி எடுத்தது போலிருந்தது அவனுக்கு.

புறப்பாட்டுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வழக்கப்படி, பிரேபென் வீட்டில் கூட்டம். பட்டப்பகலில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து, காப்பியும் கேக்கும் பரிமாறி, யார் எதைக் கொண்டுவருவது என்று பேசினார்கள். பேச்சு பெரிய கூடாரத்தில் வந்து நின்றது.

இதுவரை கூடாரம் இன்னொரு நண்பனுடையது. அவன் மகளோடு வாழ நார்வேக்குப் போய்விட்டான். பெரிய கூடாரம் கொண்டுவருகிறவன்தான் அந்த வாரத்துக்குத் தலைவன். அவன் கொடிதான் உச்சியில் பறக்கும். ஆகவேதான் சிக்கல். இந்த ஊரில் ஒருவன் எழுந்து "நான் கொண்டுவருகிறேன்" என்று சொல்வதும், சந்தையில் சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சு முடியைக் காட்டுவதும் ஒன்று. மூன்று பேர் வீட்டிலும் ஆளுக்கொன்றாக மூன்று பெரிய கூடாரங்கள் இருந்தன.

"என்னோடது சும்மா ஒரு பழந்துணி," என்றான் பிரேபென். "அதை வெளிய எடுக்கவே வெட்கமா இருக்கு. ஈவர்கிட்ட இருக்கிறதுதான் கூடாரம்."

"அட, என்னோடதை நம்பி ஒரு கோழிகூடப் படுக்காது," என்றான் ஈவர். "தோர்கிலோடதைச் சொல்லு. அரண்மனை!"

"அரண்மனையா? ஓட்டையைச் சுத்திக் கொஞ்சம் துணி இருக்கு, அவ்வளவுதான்," என்றான் தோர்கில்.

மூன்று பேரும் மனநிறைவோடு இன்னொரு துண்டு கேக் சாப்பிட்டார்கள். விஷயம் முடிவாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் இங்கெலிசா கேட்டாள்: "கூடாரம் யார் கொண்டு வர்றா?"

"பிரேபென்."

"சொன்னானா?"

"சொல்லல. இல்லைன்னு அவன் சொன்ன தோரணையிலேயே தெரிஞ்சுபோச்சு."

இங்கெலிசா அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பீட்ரூட் ஊறுகாய்ப் புட்டிகளைத் துடைக்கப் போனாள். தோர்கில் தன் பச்சை நிறக் கூடாரத்தைத் தோட்டத்துக் கொட்டகைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான். அது இல்லாவிட்டால் இங்கெலிசா உட்கார்ந்து காலையும் நீட்டிக்கொள்ளலாம் என்று அவன் கணக்கு.

பிறகு அடுக்கத் தொடங்கினான்.

முதலில் படுக்கைப் பைகள். இரண்டும் வாத்து இறகு அடைத்தவை. விரித்தால் அறையை நிறைப்பவை. அவற்றை மடித்து, உருட்டி, மேலே ஏறி உட்கார்ந்து, கார் தூக்கும் ஜாக்கியை உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து அழுத்தினான். ஒரு பை தீப்பெட்டி அளவுக்கு வந்தது. இன்னொன்றை அழுத்தும்போது உள்ளிருந்து ஒரு வாத்து கத்திற்று. தோர்கில் நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு, அரைத் திருகல் தளர்த்திவிட்டான். அதனால் அந்தப் பை மட்டும் சோப்புக்கட்டி அளவில் நின்றுவிட்டது.

அடுத்து காற்று மெத்தை. அதிலிருந்த காற்றைத் தூசி உறிஞ்சும் இயந்திரத்தை வைத்து உறிஞ்சினான். கடைசி மூச்சு வரை உறிஞ்ச வேண்டும் என்று விடாமல் பிடித்திருந்ததில், மெத்தை தபால்தலை போல ஒட்டிக்கொண்டது. கூடவே அறையின் காற்றும் போய், சன்னல் திரை உள்பக்கம் வளைந்து, சுவரிலிருந்த மாமனாரின் படத்தில் அவர் கன்னம் ஒட்டிப்போயிற்று. முன்பைவிட இப்போது லட்சணமாக இருப்பதாக இங்கெலிசாவே ஒத்துக்கொண்டாள்.

மழைக்கோட்டுகள், மழைக்கோட்டு நனைந்தால் போட இன்னொரு மழைக்கோட்டு, மடக்கு நாற்காலிகள், பன்றி ஈரல் விழுது, கடுகு, பொரித்த வெங்காயம், ஊறுகாய்ப் புட்டிகள், காப்பிக் குடுவை, கொடி. யாருக்காவது பிறந்தநாள் வந்தால்? கொடி இல்லாமல் எப்படி? இங்கெலிசா தன் பங்குக்கு ஒரே ஒரு பொருளைக் கொண்டுவந்து கொடுத்தாள்: அவள் அம்மாவின் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டு.

"கூடாரத்துக்குள்ளே சும்மா இருட்டுல உட்கார்ந்து சாப்பிட நான் என்ன முள்ளம்பன்றியா?" என்றாள்.

எல்லாம் தலைக்கு வால், வாலுக்குத் தலை என்று பெட்டிக்குள் போயிற்று. நடுவே மெத்தை வைத்த ஓர் இருக்கை, அரசி அமரும் அளவுக்கு. இங்கெலிசா வந்து உட்கார்ந்து பார்த்தாள். வலது பக்கம் சாய்ந்தாள். இடது பக்கம் சாய்ந்தாள்.

"ம்," என்றாள். தோர்கிலுக்கு அன்று இரண்டு முறை பசித்தது.

மறுநாள் பிரேபென் வேலி ஓரமாக வந்து நின்றான். கையில் கரி அடுப்பு; இறைச்சி சுடுவதற்கான இரும்பு அடுப்பு, மூன்று கால் உள்ளது.

"இடம் இருந்தா மட்டும் சொல்லு, தோர்கில். இல்லைன்னா வேண்டாம். என் வண்டி நிரம்பிப்போச்சு."

'இடம் இல்லை' என்று சொல்லலாம். ஆனால் ஒருவன் "இடம் இருந்தா மட்டும்" என்று கேட்ட பிறகு அப்படிச் சொல்வது, அவன் முகத்தில் கதவைச் சாத்திவிட்டு உள்ளிருந்து ஆர்மோனியம் வாசிப்பது போல. தோர்கில் அடுப்பை வாங்கிக்கொண்டான். பிரேபெனின் வண்டி கூடாரத்தால்தான் நிரம்பியிருக்கும் என்றும் நினைத்துக்கொண்டான். அதில் ஓர் ஆறுதல். பிரேபெனின் வண்டி உண்மையில் பியரால் நிரம்பியிருந்தது.

இங்கெலிசா வந்து உட்கார்ந்து பார்த்தாள். "ஒரு பக்கம்தான் உட்கார முடியுது," என்றாள். "மத்த பக்கத்தை வீட்ல விட்டுட்டு வரணுமா?"

தோர்கில் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு மறுபடி அடுக்கினான். ஊறுகாய்ப் புட்டிகளை நாற்காலிக் கால்களுக்கு நடுவே செருகினான். ஈரல் விழுதைத் தட்டையாக்கி மழைக்கோட்டுப் பைகளுக்குள் நிரப்பினான். இருக்கை திரும்பி வந்தது.

அதற்கடுத்த நாள் ஈவர் வந்தான். அவன் தள்ளிக்கொண்டு வந்தது அவனே செய்த பாட்டுப் பெட்டி: குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு ஒரு மரக்கூடு, உள்ளே நான்கு ஒலிபெருக்கிகள், கார் பேட்டரிகள். அதை ஒரு முறை முழுச் சத்தத்தில் வைத்தபோது பக்கத்துப் பண்ணையில் பசுக்கள் நேராக வெண்ணெய் கறந்தன.

"இடம் இருந்தா மட்டும்," என்றான் ஈவர்.

தோர்கில் கண்ணை மூடிக்கொண்டான். "இருக்கும்," என்றான்.

அந்த வாரம் அவன் அடுக்கியதைப் போல யாரும் எதையும் அடுக்கியதில்லை. பாட்டுப் பெட்டியின் ஒலிபெருக்கிகளுக்குள் காலுறைகளைத் திணித்தான். அடுப்புக்குள் மழைக்கோட்டு, மழைக்கோட்டுக்குள் விழுது, விழுதுக்குள் வெங்காயம், வெங்காயத்துக்குள் ஏதாவது வைக்க முடியுமா என்று கொஞ்ச நேரம் நின்று யோசித்தான். பெட்டிக்குள் காற்றுக்குக்கூட இடமில்லாமல் போய், தவறி உள்ளே நுழைந்த ஈ ஒன்று பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தது. சைக்கிள் நின்ற இடத்தில் நடைபாதைக் கற்கள் கீழே இறங்கின. சுமை வாசல் கதவைவிட அகலமாகிவிட்டதால் வண்டியைத் தெருவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

புறப்படும் நாள் காலை இங்கெலிசா நல்ல உடை உடுத்தி, மெத்தையைக் கையில் பிடித்தபடி வந்தாள். பெட்டியைச் சுற்றி வந்தாள். மெத்தையை வைக்க ஓர் இடம் தேடினாள். அவளுக்கென்று மிஞ்சியிருந்த இடத்தில் ஒரு முழங்காலை வைக்கலாம். அதுவும் நல்ல முழங்காலாக இருந்தால்.

அவள் சண்டை போடவில்லை. மெத்தையைத் தட்டித் தூசி போக்கினாள்.

"போய்ட்டு வா," என்றாள். "வந்து சொல்லு."

"பொறு! ஒரே நிமிஷம். எல்லாத்தையும் இறக்கிட்டு மறுபடி அடுக்கறேன். நீ போய்க் காப்பி போடு. ரெண்டு பேருக்கும்."

"இடம் வராது, தோர்கில்."

"வரும். மெத்தையை முதல்ல வெச்சுட்டு மத்ததை அப்புறம் வெக்கறேன். இத்தனை நாளா தலைகீழா செஞ்சிருக்கேன்."

அவள் உள்ளே போனாள். தோர்கில் பெட்டியிலிருந்த எல்லாவற்றையும், கடைசிக் கடுகுக் குப்பி வரை, இறக்கி நடைபாதையில் வேலி ஓரமாக வரிசையாக வைத்தான். பழக்கதோஷம், பெரியது பின்னால், சிறியது முன்னால், பார்க்க அழகாக இருந்தது. பிறகு காப்பி வாசனை வந்தது. உள்ளே போனான்.

மெத்தையை அளந்துகொண்டு திரும்பி வந்தபோது நடைபாதையில் ஒன்றுமே இல்லை.

திருட்டு என்று யாரும் நினைக்க வேண்டாம். வேலிக்கு வெளியே நல்ல பொருளை அழகாக அடுக்கி வைத்தால், 'எனக்கு வேண்டாம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்' என்பது இந்த ஊர் வழக்கம். பலகை எழுதி வைக்கத் தேவையில்லை. தோர்கில் வீட்டுச் சாய்வு நாற்காலியும், புல்வெட்டும் இயந்திரமும், ஏன், அந்தப் பெட்டிச் சைக்கிளுமே அப்படி வந்தவைதான். அவனுக்கு வழக்கம் தெரியாமல் இல்லை. அன்று அவன் மூளையில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் இடமிருந்தது, அது மெத்தை. எடுத்தவர்கள் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் என்பதும் தெரிந்தது. போகும்போது நடைபாதையைப் பெருக்கிவிட்டு, நன்றிக்கு ஒரு புட்டி ஸ்டிராபெரி ஜாமை வேலி மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இங்கெலிசா வாசலுக்கு வந்தாள். காலியான பெட்டியைப் பார்த்தாள். ஜாம் புட்டியைப் பார்த்தாள். தோர்கிலைப் பார்த்தாள், அவன் வாய் ஹெரிங் மீனின் வாய் போலத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"இப்ப இடம் இருக்கு," என்றாள். மெத்தையைப் போட்டு ஏறி உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள். "ஏறு."

"சாமான்?"

"எனக்கு வேண்டியது இருக்கு. உனக்கு என்ன வேணும்?"

தோர்கில் யோசித்துப் பார்த்தான். ஒரு ரொட்டியை மட்டும் உள்ளே போய் எடுத்து வந்தான்.

விழா மைதானத்தில் வாயில் திறந்ததும் எல்லோரும் நல்ல இடம் பிடிக்க ஓடுவார்கள். வண்டி இழுப்பவர்கள், சோபாவைத் தலையில் சுமப்பவர்கள், ஒருவரை ஒருவர் சுமப்பவர்கள் என்று ஆயிரக்கணக்கில் வாலிபர்கள். அவர்கள் எல்லோருக்கும் ஒரு வாரச் சுமை. தோர்கிலுக்கு ஒரு கிழவியும் ஒரு ரொட்டியும். வாயில் திறந்ததும் ஒரு மிதி மிதித்தான். வாலிபர்களைத் தாண்டினான், அவர்களுடைய நாய்களைத் தாண்டினான், ஒரு கட்டத்தில் தங்கள் சத்தத்தையே தாண்டிவிட்டான். இங்கெலிசா "மெதுவாடா, கிழவா!" என்று கத்தியது, அவர்கள் போய் நின்று, இறங்கி, மெத்தையை உதறிய பிறகுதான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது.

தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், கழிப்பறைக்குத் தூரத்தில், மேட்டு நிலத்தில், மைதானத்திலேயே சிறந்த இடம் அவர்களுக்குக் கிடைத்தது. பிறகு பிரேபென் வந்தான், பியரோடு. ஈவர் வந்தான், இன்னும் அதிக பியரோடு. மூவரும் நின்று, ஒருவர் வண்டியை மற்றவர் மரியாதையாகப் பார்த்தார்கள்.

"சரி, இறக்கலாமே," என்றான் பிரேபென்.

"நீ முதல்ல இறக்கு," என்றான் ஈவர்.

"ச்சே, நான் எப்படி? தோர்கில்தான் முதல்ல வந்தான்."

மழை தொடங்கியது. மூன்று பெரிய கூடாரங்கள் மூன்று கொட்டகைகளில் காய்ந்துகொண்டிருந்தன. அந்த வாரம் சீலாந்தில் நனையாமல் இருந்த துணி அவை மட்டும்தான்.

"நீங்க மூணு பேரும்," என்றாள் இங்கெலிசா, குடையில்லாமல், மெத்தையைத் தலைக்கு மேல் பிடித்தபடி, "தனித்தனியாப் பார்த்தா அவ்வளவு முட்டாளாத் தெரியறதில்ல."

அப்போது பக்கத்து இடத்திலிருந்து ஓர் இளம்பெண் கூப்பிட்டாள். "ஐயோ, ஏன் நனையுறீங்க? உள்ளே வாங்க! எங்ககிட்ட எல்லாமே ரெண்டு மடங்கு இருக்கு!"

அவள் பெயர் சில்லே. அவள் புருஷன் விலாஸ். ஊருக்குப் புதிதாகக் குடித்தனம் வந்தவர்கள். கூடாரம் அவர்களுடையது, பெரியது. உள்ளே போன தோர்கில் வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே அவனுடைய மடக்கு நாற்காலிகள் விரிந்திருந்தன. அவன் ஊறுகாய்ப் புட்டிகள் வரிசையாக நின்றன. தீப்பெட்டி அளவுக்கு வந்திருந்த படுக்கைப் பையை விலாஸ் அப்போதுதான் கயிறு அவிழ்த்திருப்பான் போல. அது கூடாரத்தின் பாதியை நிறைத்துக்கொண்டு மூச்சு வாங்கியது.

"இன்னிக்குக் காலைல அடிச்ச அதிர்ஷ்டத்தைக் கேளுங்க," என்றாள் சில்லே. "வர்ற வழியில யாரோ பாவம் ஒரு வீட்டையே தூக்கி வெளிய வெச்சிருந்தாங்க. எல்லாம் புதுசு! ஈரல் விழுதைக்கூட வீட்டுக்குள்ள விட்டு வெக்கல. யாராச்சும் செத்துப்போயிருப்பாங்களோ?"

"இருக்கும்," என்றான் தோர்கில்.

பிரேபென் அவன் காதோரம் வந்தான். "யோவ், அங்க எரியுறது என் அடுப்பு."

"தெரியும்."

"அது என் பாட்டுப் பெட்டி," என்றான் ஈவர்.

"தெரியும். ரெண்டு பேரும் வாயை மூடுங்க. சொன்னா அந்தப் பிள்ளைங்க பதறிப்போய் மொத்தத்தையும் திருப்பிக் குடுத்துடும். அப்புறம் போகும்போது இங்கெலிசா எங்க உட்காருவா?"

பிரேபென் தன் அடுப்பில் வெந்த இறைச்சித் துண்டை மென்றுகொண்டே யோசித்தான். "நியாயம்தான்," என்றான்.

சில்லே ரொட்டியில் ஈரல் விழுதைத் தடவிக் கொடுத்தாள். தோர்கில் தன் வீட்டு விழுதைத் தின்றுவிட்டு, "பிரமாதம். யார் செஞ்சது?" என்றான். இங்கெலிசா, தான் செய்ததைச் சுவைத்துப் பார்த்து, "உப்புக் கொஞ்சம் தூக்கல்," என்றாள். வீட்டில் தோர்கில் இதைச் சொல்லியிருந்தால் அன்று அவன் கொட்டகையில் கூடாரத்தோடு படுத்திருப்பான்.

பிறகு விலாஸ் மெழுகுவர்த்தி ஏற்றினான். பித்தளைத் தண்டில்.

தோர்கில் மெல்லுவதை நிறுத்தினான். அடுப்பு போகட்டும், நாற்காலி போகட்டும். அது இங்கெலிசாவின் அம்மாவுடையது. அவள் தவழ்ந்த காலத்திலிருந்து பார்த்த வெளிச்சம். ஒரு வார்த்தை சொன்னால் திரும்பி வந்துவிடும். அந்த ஒரு வார்த்தையின் பின்னாலேயே அடுப்பும் பாட்டுப் பெட்டியும் எல்லாம் வரும். அவன் வாயைத் திறந்தான்.

"அழகா இருக்குல்ல?" என்றாள் சில்லே, அவர்கள் பார்ப்பதைப் பார்த்து. "அடியில ஏதோ எழுத்து வேற செதுக்கியிருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சவங்களோடதா?"

இங்கெலிசா குனிந்து, தண்டை எடுத்து, நிதானமாகத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கத்தில் அவள் அம்மாவின் பெயரின் முதல் எழுத்து இருந்தது. கட்டை விரலால் அதை ஒரு முறை தடவினாள்.

"எங்க அம்மாகிட்ட இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு," என்றாள். "அது இதைவிட உயரம்."

மேசையில் திரும்ப வைத்தாள். "திரியைக் கொஞ்சம் கத்தரிச்சு விடும்மா. புகையுது. வாரத்துக்கு ஒரு தடவை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சா பளபளன்னு இருக்கும்."

அந்த வாரம் முழுக்க மழை பெய்தது. மைதானத்தில் தண்ணீர் ஏறி, ஒரு மேளக்காரன் மேடையோடு மிதந்து போய்ப் பக்கத்து ஊரில் ஒரு கல்யாணத்தில் வாசித்துவிட்டு வந்தான். தோர்கிலும் இங்கெலிசாவும் பெட்டிச் சைக்கிளை மேடைக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவள் பெட்டியில் மெத்தை மேல் உட்கார்ந்திருந்தாள். அவன் அவளுக்கு வலது பக்கம் நின்றான். நல்ல பாட்டு ஒன்று வந்தபோது இடது பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்றான்.

"செவிடா நான்? நீ பேசாம இருந்தா இன்னும் நல்லாக் கேட்கும்," என்றாள் இங்கெலிசா.

தோர்கில் பேசாமல் இருந்தான். அவன் முகத்தில் மழை வழிந்தது. மழை என்றுதான் அவன் சொன்னான்.

கடைசி நாள் விலாஸும் சில்லேயும் சாமான்களைக் கட்டும்போது, "இவ்வளவையும் நாங்க எங்க வெச்சுக்கறது? நாற்காலியாவது எடுத்துட்டுப் போங்களேன்," என்று கெஞ்சினார்கள். "இடம் இருந்தா மட்டும்," என்றாள் சில்லே.

தோர்கில் காலிப் பெட்டியைப் பார்த்தான். அதில் நாற்காலிகள் மட்டுமல்ல, அவன் கைக்கு, அந்தக் கூடாரம் மொத்தமும் அடங்கும். பிறந்ததிலிருந்து அவன் சொல்லாத ஒரு வாக்கியத்தை அன்று சொன்னான்.

"இடம் இல்லம்மா."

இங்கெலிசா ஏறி உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். வழி நெடுக அவள் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வர, தோர்கில் ஒரு நாள் முழுக்க ஆகும்படி அத்தனை மெதுவாக மிதித்தான். நத்தைகள் மணியடித்துவிட்டு முந்திப் போயின.

"அடுத்த வருஷம்?" என்று கேட்டான், வீடு தெரிந்ததும்.

"மெத்தைக்குப் புது உறை தைக்கணும்," என்றாள் இங்கெலிசா.

அதே ரொட்டியின் மேல் கை வைத்து இன்னொன்றும் சொல்கிறேன்: தோர்கிலுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.